இசக்கிப்பாண்டியை முழுகவைப்பது எப்படி

இசக்கிப்பாண்டியைத் தண்ணீரில் எப்படி முழுகவைப்பது என்று பிரின்ஸுக்குத் தெரியவில்லை.

மேலகரத்தில் அவர்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் முழுக்குதான். தலையில் தெளிப்பது கிடையாது, செம்பில் மொண்டு ஊற்றுவது கிடையாது. ஆளைப் பின்பக்கமாகச் சாய்த்து, நெற்றியிலிருந்து பாதம் வரை தண்ணீருக்குள் போகவைத்து, பிறகு தூக்கி நிறுத்துவார்கள். பழைய ஆள் செத்துப் புதைக்கப்பட்டு, புது ஆள் எழுந்து வருவதற்கு அது அடையாளம். "பாதி புதைச்ச பிணத்த யாராவது அடக்கம் பண்ணியாச்சுன்னு சொல்லுவாங்களா?" என்று பிரின்ஸ் வகுப்பில் கேட்பார். சபையின் செயலாளர் அவர். ஞானஸ்நானம் எடுக்கப்போகிறவர்களுக்கு வகுப்பு நடத்துவதும் அவர்தான்.

இசக்கிப்பாண்டி மூச்சு விடுவதோ கழுத்து வழியாக.

அது எப்படி என்று கொஞ்சம் சொல்லவேண்டும். நம் எல்லோருக்கும் மூக்கும் வாயும் உள்ளே போய் ஓரிடத்தில் சேருகின்றன. சேர்ந்த இடத்திலிருந்து மறுபடியும் இரண்டு வழி பிரிகிறது. ஒன்று இரைப்பைக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. அந்தப் பிரிவில் காவல் நிற்பது குரல்வளை. சோறு வரும்போது மூச்சுவழியை மூடும், பேசும்போது அதிரும். இசக்கிப்பாண்டிக்குக் குரல்வளையில் புற்று வந்து அதை எடுத்துவிட்டார்கள். காவலில்லாத வழியை அப்படியே விட்டால் குடிக்கிற தண்ணீரெல்லாம் நுரையீரலுக்குப் போய்விடும். ஆகவே மூச்சுக்குழாயின் மேல்நுனியை முன்பக்கம் கொண்டுவந்து, கழுத்தடிக் குழிக்குச் சற்று மேலே, தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். இப்போது அவருடைய வாயிலிருந்து இரைப்பைக்கு மட்டுமே வழி உண்டு. நுரையீரலுக்கு வழி அந்த ஓட்டைதான். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் இருக்கும்.

மூக்கு வழியாகக் காற்றுப் போகாததால் மல்லிகைப் பூவின் வாசனையும் தெரியாது, கருகின குழம்பின் வாசனையும் தெரியாது. வாய் வழியாகக் காற்று வராததால் சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாது, ஆற்றித்தான் குடிக்கவேண்டும். குற்றாலச் சாரல் அடிக்கிற மாதங்களில் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். தூறல்கூட உள்ளே போகக்கூடாது.

தண்ணீருக்குள் போகிற எவரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். பிடிப்பது என்றால் குரல்வளையை மூடுவதுதான். இசக்கிப்பாண்டிக்கு மூடுவதற்கு ஒன்றுமில்லை. ஓட்டைக்கு மேல் தண்ணீர் ஏறினால் நேராக நுரையீரலில் இறங்கும். பிரின்ஸ் தக்கை வைப்பதைப் பற்றி யோசித்தார். தக்கை வைத்தாலும் விரலால் பொத்தினாலும் ஒரு இருமலில் விலகிவிடும், மூச்சுக்கும் வேறு வழி இல்லை. பிளாஸ்டர் ஒட்டலாமா என்று யோசித்தார். அந்த இடத்துத் தோல் எப்போதும் சளியும் ஈரமுமாக இருப்பதால் ஒட்டாது. மருத்துவரிடம் கேட்டதற்கு, "கழுத்துக்கு மேலே தண்ணீரே வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

தென்காசியில், ஆலங்குளம் போகிற சாலையில் பிரின்ஸ் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இருக்கும், மோட்டார் ஓடும், ஆனால் குழாயில் தண்ணீர் வராது. இப்படிப்பட்ட கோளாறு என்றால் அவருக்குத் தூக்கம் வராது. எங்கே காற்று இழுக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் சாப்பிடுவார். இந்தக் கணக்கிலோ விடை கிடைக்கவில்லை என்று அவருக்கு வருத்தமே இல்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். அவருக்கே அது விநோதமாக இருந்தது. காரணம் என்ன என்று நெஞ்சைத் தோண்டிப் பார்த்தபோது அங்கே பொறாமை இருந்தது.

பிரின்ஸின் அப்பா பழைய சபையைவிட்டு வெளியேறியதே முழுக்குக்காகத்தான். தெளிப்பு செல்லாது என்று சொன்னதற்குக் கூடப்பிறந்தவர்களே வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் செத்தபோது குடும்பக் கல்லறையில் இடம் தரவில்லை. அந்த அப்பாவின் பிள்ளை பிரின்ஸ். பதினாறு வயதில் சிற்றாற்றில், மேலே அருவிக்கு ஆட்கள் வருவதற்குமுன் விடியற்காலையில், முழுகி எழுந்தார். எழும்போது ஏதோ நடக்கும் என்று காத்திருந்தார். குளிர்ந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. கரையில் நின்ற அத்தை, "மாத்துத் துணி கொண்டாந்தியாலே?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

இனிமேல் நடக்கும் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார். சினிமாவுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவில்லை. சீசன் உச்சத்தில், ஊரே ஈரத் தலையோடு அலையும்போதும் அவர் ஓய்வுநாளில் அருவிக்குப் போனதில்லை. ஜெபத்தில் முழங்காலில் நின்று நின்று அங்கே தோல் காய்த்துப்போயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் சபைமுன் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் சாட்சியில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் இசக்கிப்பாண்டி வந்தார். ஓய்வுபெற்ற ஏட்டு. குடி, சிகரெட், ஸ்டேஷனில் கைநீட்டல் என்று எல்லாம் இருந்த ஆள். வந்த சில வாரத்தில் பாஸ்டர் தேவஇரக்கம் அவரைச் சாட்சி சொல்ல அழைத்தார்.

இசக்கிப்பாண்டி சின்ன டார்ச் போன்ற ஒரு கருவியைத் தாடைக்கடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். அது கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் சொல்லாக்கிவிடும். குரல் ஏறாது, இறங்காது, ஒரே சுருதி.

"ஆப்பரேசனுக்கு முந்துன நாள் டாக்டரம்மா சொன்னாங்க. யார்ட்டயாவது பேசணும்னா இன்னைக்கே பேசிருங்க, நாளைக்குக் குரல் இருக்காதுன்னு. நானும் பேசுனேன். டீ கொண்டாந்தவன்ட்ட, 'ஏலே, இது டீயா, கழனித் தண்ணியா'ன்னு வஞ்சேன். அதான் என் சொந்தக் குரல்ல கடைசியாப் பேசுனது."

சபை சிரித்தது.

"பொறவு முழிச்சுப் பாத்தா வாய் அசையுது, சத்தம் இல்ல. பொண்டாட்டிக்குக் கேக்கல. நர்சுக்குக் கேக்கல. சத்தமில்லாத பேச்சக் கேக்கதுக்கு ஒருத்தர்தான இருக்க முடியும்? அவர்ட்ட பேசுனேன். அவரு கேட்டாரு. கேட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது."

முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிரின்ஸ் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தெரிஞ்சுது என்ற அந்த ஒரு சொல் அவர் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. இவருக்கு ஏன் தெரிந்தது? என்ன உபவாசம் இருந்தார் இவர்?

அடுத்து பாட்டு. சபையில் பாட்டை எடுத்துக்கொடுப்பது பிரின்ஸ்தான், நல்ல சாரீரம். இசக்கிப்பாண்டி கருவியை அழுத்திக்கொண்டு அதே ஒற்றைச் சுருதியில் கூடவே பாடினார். ஒவ்வொருவராகப் பாடுவதை நிறுத்திவிட்டு அவரையே கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜெபக்கனி சொன்னாள். "அண்ணாச்சி பாடும்போது உடம்பெல்லாம் புல்லரிச்சுட்டுங்க."

"அது ஒரு பாட்டாடி? பேரிங் போன மோட்டார் சத்தம் மாதிரி இருக்கு."

"நீங்க பாடும்போது பேரிங் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜெபக்கனி, சட்டியை இறக்கிவைத்துக்கொண்டே. "தண்ணிதான் வரமாட்டேங்குது."

அன்று பிரின்ஸ் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பத்தைப் பகிர்ந்து உண்ணும் திருவிருந்து. முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டுமே அப்பம் உண்டு. அது சபையின் ஒழுங்கு. அப்பத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோவது பிரின்ஸின் வேலை. இசக்கிப்பாண்டியின் முன்னால் தட்டு நிற்காமல் போகும். இசக்கிப்பாண்டி கைகளை மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்ப்பார், பிறகு தரையைப் பார்ப்பார். அந்த ஒரு நொடிக்காக பிரின்ஸ் மாதம் முழுக்கக் காத்திருக்கத் தொடங்கினார். உனக்கு என்ன தெரிந்திருந்தாலும் சரி, இது உனக்கு இல்லை. அப்படித் தோன்றும்போது உள்ளே ஒரு குளிர்ச்சி பரவும். அது பாவம் என்றும் தெரியும்.

பாஸ்டருக்கு மனம் கேட்கவில்லை. "பிரின்ஸ், ஒரு செம்புத் தண்ணிய நெத்தியில ஊத்திருவோமே. ஆண்டவர் ஏத்துக்கிட மாட்டாரா?"

"ஏத்துக்கிடுவாருன்னா, எங்கப்பா எதுக்கு வெளிய வந்தாங்க பாஸ்டர்?"

அப்பாவை அடக்கம் செய்ய ஊரோரமாக இடம் தேடி அலைந்தவர்களில் பாஸ்டரும் ஒருவர்.

"சரி, அப்ப முழுக்கியே எடுப்போம். வழி கண்டுபிடிக்கது உங்க பொறுப்பு. கெணத்துக்குள்ள கெடக்க தண்ணியையே மேல கொண்டாந்துருதீய. ஒரு ஆளக் கீழ கொண்டுபோக முடியாதா?"

சாரல் கொஞ்சம் ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, பாஸ்டர் பிரின்ஸைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு இசக்கிப்பாண்டியின் வயலுக்குப் போனார். ஆறு வேண்டாம், ஓடுகிற தண்ணீர் அலையடிக்கும். பம்புசெட் தொட்டி என்றால் மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் தாம்பாளம் போல அசையாமல் நிற்கும், அடைப்பைத் திறந்து வேண்டிய அளவுக்கு மட்டத்தையும் இறக்கிக்கொள்ளலாம் என்பது பாஸ்டரின் யோசனை. நல்ல யோசனைதான். பிரின்ஸுக்கு அது பிடிக்கவில்லை.

தொட்டியருகே இசக்கிப்பாண்டியின் மனைவி குருவம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு. அவள் சபைக்கு வருகிறவள் இல்லை.

"வாங்க சாமி, வாங்க தம்பி. இவுகள முக்குதது பத்திப் பேசத்தான வந்திருக்கீய? கும்பிடுத சாமிய மாத்திக்கிடட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆளப் பத்திரமாத் திருப்பித் தந்துரணும். குடிக்குக் குடுத்தேன், புத்துக்குக் குடுத்தேன். மிச்சம் கெடக்கதத்தான் உங்க கையில குடுக்கேன்."

"அதுக்குத்தான் பிரின்ஸக் கூட்டியாந்தேன், அக்கா," என்றார் பாஸ்டர்.

இசக்கிப்பாண்டி அவர்களை உட்காரவே விடவில்லை. கருவியைத் தாடையில் வைத்து, "ஒண்ணு காட்டுதேன், பாருங்க," என்றார். குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பேத்திக்கு வித்தை காட்டி வித்தை காட்டி, இப்ப பாஸ்டருக்குமா?"

ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தொட்டிச் சுவரில் வைத்தார். குனிந்து முகத்தை வாளிக்குள் விட்டார். காது வரை உள்ளே போயிற்று. கழுத்து வாளியின் விளிம்புக்கு வெளியே இருந்தது. அங்கே கட்டியிருந்த துணி உள்ளே போய் வந்தது, உள்ளே போய் வந்தது. நிதானமாக மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் சங்கடத்தோடு குருவம்மாளைப் பார்த்தார். அவள் ஒரு வேட்டியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தாள். இசக்கிப்பாண்டியின் முகம் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

"மூக்குல வாயில எம்புட்டுத் தண்ணி போனாலும் வயித்துக்குத்தான் போகும்," என்றாள் குருவம்மாள். "சாயந்தரம் வர அப்படியே கெடக்கச் சொன்னாலும் கெடப்பாக."

இசக்கிப்பாண்டி முகத்தை வெளியே எடுத்தார். உடனே நிமிரவில்லை. குனிந்தபடியே கையை நீட்டி, துண்டு வாங்கி, நெற்றி, மூக்கு, தாடை எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் நிமிர்ந்தார். பிரின்ஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் துள்ளிவிட்டார். "அப்ப மொகத்துக்குப் பிரச்சினையே இல்ல! இப்படியே குனிஞ்ச மேனிக்குத் தொட்டியில..."

"குனிஞ்சா ஆகாது," என்றார் இசக்கிப்பாண்டி. எத்தனையோ நாள் யோசித்தவர்போலச் சொன்னார். "தொட்டியில தண்ணி ஒரே மட்டம். பெடரி முங்குத அளவுக்குக் குனிஞ்சா ஓட்டை அடியில போயிரும். மல்லாந்துதான் படுக்கணும். மொதல்ல நெஞ்சு வரைக்கும் தண்ணியில உக்காருதேன். பொறவு தலைய மட்டும் பின்னால தொங்கவிடுதேன். மொகம், நெத்தி, உச்சி எல்லாம் உள்ள போயிரும். ஓட்டை மேல பாத்து நிக்கும், தீவு மாதிரி."

அது சரி என்று பிரின்ஸுக்கு உடனே தெரிந்தது. சாதாரண ஆள் மூக்கை வெளியே வைத்துக்கொண்டு கழுத்தை நனைப்பான். இவர் கழுத்தை வெளியே வைத்துக்கொண்டு மூக்கை நனைப்பார். எவ்வளவு அழகான வேலை அது! வேறு யாருக்காவது என்றால் பிரின்ஸ் கைதட்டியிருப்பார்.

இசக்கிப்பாண்டியின் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டுப் பையன் மாதிரி இருந்தது அது. அடுத்த ஞாயிறு இந்த முகம் தண்ணீருக்குள்ளிருந்து எப்படி எழுந்து வரும் என்று பிரின்ஸுக்குத் தோன்றியது. எல்லோரும் அழுவார்கள். ஜெபக்கனியும் அழுவாள். இவருக்குக் குளிராது. மாத்துத் துணி கொண்டுவந்தாயா என்று இவரை யாரும் கேட்கமாட்டார்கள்.

"எறக்கிரலாம் பாஸ்டர்," என்றார் பிரின்ஸ். "தூக்குதது எப்படி?"

"தூக்குததுன்னா?"

"தலையத் தூக்கும்போது மொகத்துல, முடியில நிக்க தண்ணி எங்க போகும்? தாடையில எறங்கி, கழுத்துல வழிஞ்சு, நேரா ஓட்டைக்குத்தான். மூடி கெடையாது. இருமி வெளிய தள்ளுததுக்குள்ள மூச்சு முட்டிட்டுன்னா? அக்கா சொன்னாங்கள்லா, பத்திரமாத் திருப்பித் தரணும்னு. அதுக்கு நான் பொறுப்பேக்க மாட்டேன்."

குருவம்மாள் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். பாஸ்டரின் முகம் தொங்கிவிட்டது. இசக்கிப்பாண்டி கருவியைத் தாடையில் வைத்தார், எடுத்தார்.

"அப்ப வேண்டாம்," என்றாள் குருவம்மாள். "பேச்சே வேண்டாம்."

திரும்பி வரும்போது பிரின்ஸ் பைக்கின் பின்னால் உட்கார்ந்து பாஸ்டரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு விடை தெரியும். கேள்வியைக் கேட்கும்போதே தெரியும். வாளியிலிருந்து எழும்போது அந்த மனிதர் துடைத்துக்கொண்ட வரிசையைப் பார்த்தபோதே கணக்கு முடிந்துவிட்டது. விடையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்.

அந்த வாரம் பிரின்ஸ் தன்னோடு வழக்காடிக்கொண்டே இருந்தார். நான் சொன்னது பொய்யில்லை. ஆபத்து உண்மைதானே? ஒழுங்கைத்தானே காக்கிறேன்? ஆனால் ஒழுங்கு கேட்டது முழுக்கைத்தான். அதற்கு வழியும் இருந்தது. அதை மறைத்தது அவர்தான். அப்பாவின் பெயரைச் சொல்லி வாதாடிப் பார்த்தார். அப்பா முழுக்கு வேண்டும் என்று வெளியேறியவர். இவரோ ஒருவர் முழுகிவிடக்கூடாது என்று வாய்மூடி இருக்கிறார். ஜெபத்தில் முழங்காலிட்டால் இசக்கிப்பாண்டியின் மூச்சு போய்வருகிற துணிதான் கண்ணுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை உபவாசத்தை மட்டும் விடவில்லை.

மறுவாரம், கடையில் பிரின்ஸ் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கருகிய கம்பிச் சுருளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது இசக்கிப்பாண்டி வந்து நின்றார். கழுத்துத் துணியில் சாரலின் பொட்டுகள்.

"வாங்க அண்ணாச்சி. மோட்டாரா?"

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது தம்பி. ஒங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பிரின்ஸ் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் என்னைய முக்குததப் பத்தியே பேசுனாங்க. நானும் அதத்தான் யோசிச்சேன். தூக்குததப் பத்திக் கேட்டது நீங்க ஒரு ஆளுதான். குருவம்மா சொல்லிச் சொல்லி மாளல. அந்த மோட்டார்க்காரத் தம்பி ஒருத்தருதான் ஒங்க உசுர நெனச்சாருன்னு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"பாஸ்டர்ட்ட சொல்லிட்டேன், முழுக்கு வேண்டாம்னு. ஆண்டவரு என்ட்ட பேசுதாரு, நான் அவர்ட்ட பேசுதேன். அதுல ஒரு கொறையும் இல்ல."

பிரின்ஸுக்குக் காது சுட்டது. இத்தனை வருடம் வாசலில் நின்று தான் காவல் காத்த வீட்டுக்குள், வாசல் பக்கமே வராமல், இந்த ஆள் ஏற்கெனவே உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

"அப்பத் தட்டு வரும்போது மட்டும் ஒரு மாதிரி இருக்கும்," என்றார் இசக்கிப்பாண்டி. அந்த ஒற்றைச் சுருதியில் வருத்தம் எது, வேடிக்கை எது என்று பிரிக்க முடியாது, கண்ணைத்தான் பார்க்கவேண்டும். "கல்யாணப் பந்தியில எல போட்ட பொறவு, நீ எந்திரிலேன்னு எழுப்பிவிட்ட மாதிரி. அதுவும் பழகிரும்."

பிரின்ஸ் வெட்டிய கம்பித் துண்டுகளைக் கையால் கூட்டினார். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டார்.

"அவரு பேசுதாருன்னு எப்படித் தெரியுது அண்ணாச்சி?"

இசக்கிப்பாண்டி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "இத ஏன் என்ட்ட கேக்கீய? ஒங்களுக்குத் தெரியாததா? சின்னப் பிள்ளையிலேர்ந்து அவர்கூட இருக்கீய. நெசத்தச் சொன்னா, ஒங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும். நீங்க முன்னால நின்னு பாடும்போதெல்லாம் நெனப்பேன். நான் சாராயக் கடையில கெடந்த வருசமெல்லாம் இந்தத் தம்பி அவரோட இருந்திருக்காரேன்னு."

கடைக்கு வெளியே சுரண்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போகும்வரை பிரின்ஸ் காத்திருந்தார்.

"எனக்கு ஒரு தடவகூடக் கேட்டதில்ல," என்றார்.

இசக்கிப்பாண்டியின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை. பிரின்ஸின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பாவம் என்று பார்க்கவில்லை. பழைய போலீஸ்காரர் பார்ப்பதுபோல, இவன் உண்மையைத்தான் சொல்கிறானா என்று பார்த்தார்.

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட. பேசாம எல்லா ஒழுங்கையும் கைக்கொண்டுட்டிருக்கேன், அவ்வளவுதான். ஒங்களப் பாத்தா வயிறு எரியுது அண்ணாச்சி. அன்னைக்குத் தொட்டியில ஒங்க உசுர நெனச்சு நான் கேக்கல. வயித்தெரிச்சல்ல கேட்டேன். விடை எனக்கு அப்பமே தெரியும்."

இசக்கிப்பாண்டி கருவியை அழுத்தினார். "ஏட்டா இருந்தப்ப இப்படி ஒருத்தன் ஒத்துக்கிட்டான்னா மொதல்ல ஒரு அறை விடுவேன்."

"விடுங்க."

"இப்ப மூச்சு வாங்கும்," என்றார் இசக்கிப்பாண்டி. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீ சொல்லுங்க. ரொம்பச் சூடு வேண்டாம், ஆத்தி வாங்குங்க. விடையப் பாஸ்டர்ட்ட சொல்லிருங்க. எனக்குச் சொன்னா நான் நாளைக்கே போய்த் தொட்டியில எறங்கிருவேன், குருவம்மா என்னையக் கொன்னுருவா."

பொறாமை போய்விடவில்லை. அந்த மனிதர் முக்காலியில் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோதுகூட அது உள்ளே முனகியது. பிரின்ஸ் அதை முனகவிட்டுவிட்டு, கையிலிருந்த கரியைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துப் பாஸ்டரைக் கூப்பிட்டார்.

"பாஸ்டர், பிரின்ஸ் பேசுதேன். அண்ணாச்சியத் தூக்குததுக்கு வழி இருக்கு. நாம எல்லாரையும் தூக்கும்போது தலைதான மொதல்ல மேல வரும்? இவருக்கு அது கடைசியா வரணும். தண்ணி எப்பவும் பள்ளத்தத் தேடித்தான் போகும். தல கழுத்தவிடத் தாழ்ந்து இருக்க வரைக்கும் ஒரு சொட்டுகூட ஓட்டைப் பக்கம் வராது, உச்சிப் பக்கம்தான் வடியும். அதனால இப்படிச் செய்யணும். தொட்டியில மோட்டார நிறுத்தி, அவரு உக்காந்தா நெஞ்சுக்கு மேல ஏறாம மட்டத்த எறக்கிரணும். நீங்க தோளப் பிடிங்க, நான் தலையத் தாங்குதேன். தோள் முங்குத அளவு சாய்ச்சு, தலையப் பின்னால தொங்கவிட்டு முழுக்கணும். ஓட்டையச் சுத்தி ஒரு கையகலம் மட்டும் நனையாது. அது நனையாட்டாப் பரவால்ல, நான்தான் சொல்லுதேன், அதையும் சேத்து முழுக்குன்னே எழுதிக்கிடுவோம். பொறவு நீங்க நெஞ்ச மட்டும் தூக்குங்க. தல பின்னால தொங்குன மேனிக்கே இருக்கட்டும். நான் மொகத்த, தாடைய, முடியக் காஞ்ச துண்டால துடைச்சு, தலையச் சுத்தித் துண்டக் கட்டிருதேன். சொட்டு நின்ன பொறவு தலைய நிமித்தணும்."